சுவரைப் பார்த்த மேஜை

மகள் வேலை பார்க்கும் லேபின் முதலாளி வீடு தேடி வந்தபோதே ஹாரன் அவன் கையைத்தான் பார்த்தார். வேலை கொடுப்பவன் வேலை பார்ப்பவள் வீட்டுக்கு வருகிறான் என்றால் ஒன்று கல்யாணப் பத்திரிகை, இல்லாவிட்டால் வேலைக்கு வேட்டு. வந்தவன் கையில் பத்திரிகை எதுவும் இல்லை.

ஹாரன் என்பது தெருக்காரர்கள் வைத்த பேர். காலம் முழுக்க லாரி ஓட்டிய மனுஷன். அவர் தெருமுனையில் நின்று ஒருத்தரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அந்தத் தொண்டை எங்கே போனது என்று தெரியாது. குசுகுசுவென்றுதான் பேசுவார். வீட்டில் மகள் இருக்கிறாள். அவளுக்குச் சத்தம் ஆகாது. குழந்தையாக இருந்தபோது ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று பேர் சொன்னார். பேர் சொன்னதோடு சரி. மிச்சத்தை ஹாரனும் அவர் மனைவியும் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மகளுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பாதான். பல்செட் செய்யும் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சில் மெழுகை வைத்து, பல்லை ஒவ்வொன்றாக உட்கார வைத்து, ஈறு செதுக்குவாள். ஹாரனின் வாயில் இருக்கும் கீழ்ப்பல் வரிசைகூட அவள் செய்ததுதான். "எம் பொண்ணு குடுத்த பல்லாலதான் எம் பொண்ணைத் திட்டறேன்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். திட்டியதெல்லாம் இல்லை, சும்மா ஒரு பெருமை.

முதலாளி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பாப்பா வேலைல நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா புது இடத்துக்கு மாறினதுலேருந்து சரியில்ல. மாடில ஒரே ஹாலு. எல்லாரும் வரிசையா உக்காரணும். மிஷின் ஓடினா இது எந்திரிச்சுப் போய் பாத்ரூம்ல நின்னுக்குது."

"வேலை நின்னு போச்சா?"

"நிக்கல."

"அப்புறம் என்ன தம்பி?"

"டாக்டருங்க வந்து போற இடம்ணே. அவங்க குட்மார்னிங் சொன்னா இது தரையப் பாக்குது. காதுல வேற ரோடு உடைக்கிறவன் மாதிரி அந்தக் காதுமூடி. பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குல்ல?"

அந்தக் காதுமூடியை வாங்கிக் கொடுத்ததே ஹாரன்தான். கடைகடையாக ஏறி இறங்கி, தன் காதிலேயே மாட்டிப் பார்த்து, கடைக்காரனைப் பக்கத்தில் நின்று தகரத்தைத் தட்டச் சொல்லி வாங்கியது. அதை முதலாளியிடம் சொல்லவில்லை.

முதலாளி மனசுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலர் அம்மாவைப் பற்றிச் சொன்னான். "எம் மச்சினி லிஃப்ட்ல ஏற மாட்டாண்ணே, அவ்ளோ பயம். அந்தம்மாகிட்ட போயிட்டு வந்தா. இப்ப லிஃப்ட விட்டு இறங்க மாட்டேங்கறா." அவன் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க. இல்லேன்னா எனக்கும் வேற வழி கிடையாது."

அவன் போனதும் மகள் உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எனக்குச் சுவத்தைப் பாத்த மாதிரி ஒரு மேஜை வேணும். பழைய இடத்துல இருந்தது. அது இருந்தா போதும்."

"இத நீ அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிச்சார்."

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாளே போய், தம்பி, ஒரு மேஜையைத் திருப்பிப் போடு என்று ஹாரனே சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை போய்விடும் என்ற வார்த்தை காதில் விழுந்தால் மனுஷனுக்குப் புத்தி நேராக ஓடுவதில்லை. அந்த லேப் கிடைப்பதற்கு முன்னால் அவள் வீட்டில் சும்மா இருந்த வருஷங்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மெழுகைத் தொட்ட பிறகுதான் அவள் முகத்தில் ஒரு ஆள் வந்து குடியேறியது. அந்த வேலை போனால் எல்லாம் போச்சு.

கவுன்சிலர் அம்மாவின் அறை சின்னது. மூலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு அலங்காரப் பொம்மை. வாசனைக்கு ஏதோ புகைந்துகொண்டிருந்தது. மேஜைமேல் கண் துடைக்கத் தாள். அழுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வாங்கி வைத்திருக்கிறார்கள் போல என்று ஹாரன் நினைத்துக்கொண்டார். அவருக்குப் பொதுவாகவே படித்தவர்களைக் கண்டால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம். யாரையும் லேசில் நம்ப மாட்டார்.

மகள் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "அந்தத் தண்ணியை நிறுத்த முடியுமா?"

கவுன்சிலர் அம்மா சிரித்தாள். நல்ல சிரிப்பு, அதில் கள்ளம் இல்லை. "அது மனசை அமைதியாக்கறதுக்கும்மா. கொஞ்ச நேரத்துல பழகிடும்."

பிறகு சொன்னாள்: "இந்த ரூம்ல நீங்க சொல்றது எதுவும் இந்தச் சுவத்தைத் தாண்டாது. சரியா?"

மகள் நாலு சுவரையும் ஒருமுறை பார்த்தாள். "ஜன்னல்?"

"ஜன்னலையும் தாண்டாது."

"சரி" என்றாள் மகள். அவள் சரி என்றால் சரிதான். அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது.

ஹாரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். அதை அவர் வெளியாளிடம் சொல்வதே அபூர்வம். சொல்லும்போது குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் இருந்தது. கவுன்சிலர் அம்மா கையை லேசாக அசைத்து அதை ஓரமாக ஒதுக்கினாள்.

"ஐயா, அதெல்லாம் ஒரு பேரு. பேரை விடுங்க. எல்லார் மனசும் ஒண்ணுதான். உங்க பொண்ணு எல்லாரையும் மாதிரிதான். பயம் எங்க உக்காந்திருக்குன்னு கண்டுபிடிச்சா போதும், மத்தது தானா சரியாயிடும்."

அங்கேதான் ஹாரன் விழுந்தார். முப்பது வருஷமாக ஒருத்தர் வாயிலிருந்தாவது வராதா என்று காத்துக்கிடந்த வார்த்தை அது. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, சொந்தத்தில் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. இந்தம்மா சொல்லிவிட்டாள். லோடு இறக்கிய வண்டி மாதிரி லேசாக வீட்டுக்கு வந்தார்.

"எல்லார் மாதிரியும்தான்னா அப்புறம் எதுக்கு அங்க போகணும்?" என்று கேட்டாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் புரியாது."

"ஆமாமா, புரிஞ்சவரு நீங்கதான்."

வாரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். மகள் உள்ளே, அவர் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நாற்காலியில். ஆரம்பத்தில் உள்ளே பேச்சே இருக்காது, தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கும். போகப் போக மகளின் குரல் கேட்டது. அவள் வெளியாளிடம் அவ்வளவு நேரம் பேசி அவர் கேட்டதே இல்லை. என்ன சொல்கிறாள் என்று காதில் விழவில்லை. பேசுகிறாளே, அது போதாதா.

ஒருநாள் வரும் வழியில் மகளே சொன்னாள். "இன்னிக்கு அவங்க கேட்டாங்க, எப்படி சமாளிக்கறேன்னு. எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"அது சுவத்தைத் தாண்டாது" என்றாள். ஹாரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அந்த வாரமே கவுன்சிலர் அம்மா அவரைத் தனியாக வரச் சொல்லி போன் செய்தாள்.

"ஐயா, நல்ல முன்னேற்றம். இப்ப எனக்கு வழி கிடைச்சிடுச்சு. உங்க பொண்ணு மூணு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒண்ணு அந்தக் காதுமூடி. ரெண்டு, யாரையும் பாக்காம ஓரமா உக்கார்றது. அது இல்லாதப்ப பாத்ரூமுக்குப் போயிடறாங்க. மூணாவது, சட்டைப் பாக்கெட்ல எப்பவும் ஒரு மெழுகு உருண்டை. இடது கையால உருட்டிக்கிட்டே இருப்பாங்களாம். அது கையில இருந்தாதான் பேச்சு வருமாம்."

மெழுகு உருண்டையை ஹாரன் பார்த்திருக்கிறார். வேலைச் சாமான் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். பெற்ற அப்பனுக்குத் தெரியாதது இந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரியா என்று வியப்பாக இருந்தது.

"இதெல்லாம் ஊன்றுகோல் மாதிரி. கால் நல்லா இருக்கறவங்க ஊன்றுகோல் பிடிச்சா என்ன ஆகும்? கால் செத்துடும். பயத்துக்குத் தீனி போடறதே இதுதான். எடுத்துடணும்."

"எடுத்துட்டா கஷ்டப்படுவாளே மேடம்?"

"முதல்ல படுவாங்க. உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானா இறங்கும். லிஃப்ட் பயமும் அப்படித்தான் போச்சு. ஒண்ணு மட்டும், முன்னாடியே சொல்லிடாதீங்க. சொன்னா வேற ஒண்ணைப் பிடிச்சுக்குவாங்க. நான் லேப்லயும் பேசிடறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?"

சுவரைத் தாண்டாது என்று இதே அறையில் சொன்னது ஹாரனுக்கு ஞாபகம் வந்தது. அப்பன்தானே, அப்பனிடம் சொன்னால் அது வெளியே போனதாகுமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"வேலை நிலைச்சிடுமா மேடம்?"

"நிச்சயமா."

"அப்ப செய்ங்க."

மனைவியிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று தெரியும்.

அடுத்த நாள் மகள் குளிக்கப் போனபோது அவளுடைய பையிலிருந்து காதுமூடியை எடுத்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய டூல்ஸ் பெட்டியில் ஸ்பானர்களுக்கு நடுவே வைத்து மூடினார். ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையின் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். உருண்டை இருந்தது. நெல்லிக்காய் அளவு. மேலெல்லாம் அவள் விரல் பதிந்த பள்ளம். தன் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. திருட்டுத்தனம் பண்ணுகிறவன் மாதிரி குளியலறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திருட்டுத்தனம்தான். ஆனாலும் எடுத்தார்.

மகள் பையைத் திறந்து பார்க்காமல் போனாள். தினமும் இருக்கும் இடத்தில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

மத்தியானம் முதலாளி போன் செய்தான். "அண்ணே, உடனே வாங்க."

ஹாரன் மாடிப்படி ஏறும்போதே மிஷின் சத்தம் கேட்டது. பல்லைத் தேய்க்கும் மிஷின், பாலிஷ் போடும் மிஷின், காற்றடிக்கும் குழாய், அதற்குமேல் பாட்டு வேறு. ஹாலின் நட்டநடுவில் ஒரு மேஜை. மேலே பளீரென்று விளக்கு. தரையில் பிளாஸ்டர் அச்சுகள் உடைந்து கிடந்தன. யார் யாருடைய தாடைகளோ. மகள் மேஜைக்கு அடியில் சுருண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். சட்டை ஈரமாக இருந்தது. சுற்றி எல்லோரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் சரி. ஒரு பல் டாக்டர் வாசலோரம் நின்று பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பத்துலேருந்துடா இப்படி?"

"காலைல வந்து பையத் தேடுச்சுண்ணே. அப்புறம் பாக்கெட்டத் தேடுச்சு. பாத்ரூமப் பூட்டி வச்சிருந்தோம்." முதலாளியின் முகம் வெளிறியிருந்தது. "அந்தம்மா சொன்ன மாதிரியேதான் செஞ்சோம். முதல்ல கஷ்டப்படும், கண்டுக்காதீங்க, தானா அடங்கிடும்னாங்க. நாங்க யாரும் கண்டுக்கவே இல்ல."

"மிஷின நிறுத்துங்கடா!" என்று ஹாரன் கத்தினார். வீட்டில் ஒருநாளும் எடுக்காத குரல். ஹாலே அதிர்ந்தது. மிஷின்கள் நின்றன. மேஜைக்கு அடியில் மகள் அடிபட்டவள்போல் இன்னும் உள்ளே ஒடுங்கினாள். எந்தச் சத்தத்துக்கு அவள் ஒடுங்கினாள் என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

அவளை வெளியே கொண்டுவர ரொம்ப நேரம் பிடித்தது. படி இறங்கும்போது முதலாளி பின்னாலேயே வந்து, காதோரம் சொன்னான்: "அண்ணே, இனிமே வேணாம்ணே. பாவமாத்தான் இருக்கு. ஆனா இது வேலை பாக்கற இடம்."

வீட்டில் மகள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உள்ள சந்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேச்சு போய்விட்டது. கோபத்தில் பேசாமல் இருப்பது வேறு. அவளுக்கு உள்ளே பேச்சு இருக்கும், வெளியே வர வழி அடைத்துக்கொள்ளும். அம்மா தட்டை வைப்பாள், தட்டை எடுப்பாள். ஹாரன் பக்கத்தில் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

நடந்ததை மனைவியிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் கையில் இருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் சண்டையும் மெதுவாகத்தான் போட வேண்டும்.

"கடைக்காரன் மிச்சம் குடுத்தா திருப்பித் திருப்பிப் பாக்கற ஆளு. கூடப்பிறந்த தம்பிய நம்ப மாட்டீங்க. என்னையே பாதிதான் நம்புவீங்க. யாரோ ஒருத்தி உம் பொண்ணு எல்லார் மாதிரியும்னு ஒரு வார்த்தை சொன்னதும் குப்புற விழுந்துட்டீங்களே!"

"வேலை போயிடக் கூடாதுன்னுதான்..."

"இப்ப எங்க இருக்கு வேலை?"

சில நாள் கழித்து ஒரு காலையில் ஹாரன் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து வாசலில் நின்றாள். குரல் தேய்ந்திருந்தது.

"காதுமூடி, மேஜை, மெழுகு. மூணையும் சேத்து ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்."

ஹாரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேஜைய முதலாளி நகத்தியிருக்கலாம். மெழுகு பாக்கெட்ல இருந்தது. பாக்கெட் இந்த வீட்ல இருந்தது. முதலாளி அன்னிக்கு இங்க வரல. அம்மா எடுத்தா சொல்லிட்டு எடுப்பா."

"நான்தான் பாப்பா எடுத்தேன்."

"அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நீ நல்லா இருக்கணும்னுதாம்மா. வேலை நிலைக்கணும்னு..."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல." அவள் அவருடைய சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சுவத்தைத் தாண்டாதுன்னு சொன்னாங்க. நீங்களும் அங்கதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"சரி."

அவள் உள்ளே போய்விட்டாள். அந்தச் சரியில் கோபம் இருந்திருந்தால்கூட ஹாரன் பிழைத்திருப்பார்.

சட்டையை மாட்டிக்கொண்டு நேராக கவுன்சிலர் அம்மாவின் அறைக்குப் போனார். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிக் கதவைத் தள்ளினார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. போய் அதன் வயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

லேபில் நடந்தது கவுன்சிலர் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தூங்காத கண்.

"உங்க லிஃப்ட் வைத்தியம் நல்லா வேலை செஞ்சுது மேடம். எம் பொண்ணு மேஜைக்கு அடியில இறங்கிட்டா."

"ஐயா, நான் எங்க சீனியர்கிட்ட பேசினேன்." அவள் கையைக் கோத்துக்கொண்டாள். "அவங்க என்னைத் திட்டினாங்க. பயம்னா எதிர்ல நிக்க வச்சா குறையும். உங்க பொண்ணுக்கு இருக்கறது பயமே இல்லையாம். அந்தச் சத்தம் அவங்களுக்கு நிஜமாவே வலிக்குமாம். நெருப்புல கைய வச்சுப் பழகுன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. காதுமூடியும் மெழுகும் ஊன்றுகோல் கிடையாது, காலே அதுதான்னாங்க."

"இது உங்களுக்கு முன்னாடி தெரியாதா?"

"படிக்கறப்ப ஒரே ஒரு மத்தியானம் ஆட்டிசம் பத்தி சொல்லிக் குடுத்தாங்க. அதுவும் சின்னக் குழந்தைங்களைப் பத்தி. அவங்க பெரியவங்களானா என்னன்னு யாரும் சொல்லல. நானும் கேட்டுக்கல."

"அன்னிக்கு நான் பேரைச் சொன்னேனே. இது எனக்குத் தெரியாத விஷயம்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு? லோடு லாரி ஓட்டினவன கம்பெனிக்காரன் பெட்ரோல் டேங்கர்ல ஏத்த மாட்டான் மேடம். தனியாக் கத்துக்கிட்டு வாடான்னு திருப்பி அனுப்புவான். கவுந்தா ஊரே எரியும்."

"எனக்குத் தெரியாதுங்கறதே எனக்குத் தெரியல ஐயா. மனசுன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நிஜமாவே நம்பினேன். சுவத்தைத் தாண்டாதுன்னு சொன்னதையும் நான் மீறினேன். அவங்க சம்மதம் கேட்டிருக்கணும். வேற யாரா இருந்தாலும் கேட்டிருப்பேன். இவங்ககிட்ட கேட்கணும்னே தோணல" என்றாள்.

ஹாரன் அவளையே பார்த்தார். எல்லாரையும் மாதிரிதான் என்று சொன்ன அதே வாய்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அவள். "நான் பாத்தது சில வாரம். நீங்க கூடவே இருந்தவங்க. எடுக்கறப்ப உங்களுக்கு இது சரியில்லைன்னு தோணவே இல்லையா?"

அடிக்க வந்த இடத்தில் அடி வாங்கியவர்போல ஹாரன், "தோணுச்சு" என்றார். "படிச்சவங்க சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

ஹாரன் மேஜைமேல் இருந்த போனை அவள் பக்கம் தள்ளினார். "இப்பவே அந்தத் தம்பிக்குப் போடுங்க. தப்பு உங்க மேலன்னு சொல்லுங்க. காதுமூடிய மாட்டிக்க விட்டு, ஒரு மேஜைய சுவத்தப் பாத்துத் திருப்பிப் போட்டா போதும்னு சொல்லுங்க. என் காது கேக்கச் சொல்லுங்க."

அவள் செய்தாள். மறைக்காமல் சொன்னாள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதலாளியின் குரல் போனிலிருந்து அறை முழுக்கக் கேட்டது.

"இவ்ளோதானா மேடம்? ஒரு மேஜையத் திருப்பறது எனக்கு ஒரு வேலையா? இத முதல்லயே நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே பண்ணியிருப்பேனே. ஆனா இப்ப முடியாது மேடம். டாக்டருங்க பாத்துட்டாங்க. கூட வேலை பாக்கறவங்க பயப்படறாங்க. அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு."

அந்த மேஜையைத் திருப்பச் சொல்லி மகளே கேட்டிருந்தாள். அவள் கேட்டபோது அவன் சிரித்தான். படித்தவர் ஒருத்தர் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானாம். ஹாரன் எழுந்தார்.

"இனிமே என் பொண்ணு மாதிரி யாராவது வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கத்துக்கற வரைக்கும் எடுக்க மாட்டேன் ஐயா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லி, தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புவேன். வர்ற மாசம் அதுக்குன்னே ஒரு பயிற்சிக்குச் சேந்திருக்கேன்."

"நல்லாப் படிங்க" என்றார். வாழ்த்தா வசவா என்று அவருக்கே தெரியவில்லை. வெளியே காத்திருந்த இரண்டு பேரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே போகாதீங்க என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நின்றார். அவர்களுக்கு லிஃப்ட் பயமாக இருக்கலாம். சொல்லாமல் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் மகள் பேசினாள். அம்மாவிடம் பேசினாள். ஹாரன் ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், கேட்டதற்கு மட்டும். முன்பெல்லாம் அன்றைக்குச் செய்த பல் யாருடையது, மேல் தாடை எப்படி வளைந்திருந்தது என்று தானாக வந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். அவருக்குப் பாதி புரியாது, ஆனாலும் தலையாட்டிக் கேட்பார். அது நின்றுபோனது. பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் மகளும் சில நாள் எங்கோ போய்விட்டு வந்தார்கள். கடைக்கு என்றாள் மனைவி. கையில் சாமான் ஒன்றும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை மனைவி டிபன்பாக்ஸில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"பாப்பாவுக்கு. வேலை கிடைச்சிடுச்சு. பல்செட் வேலைதான்."

ஹாரன் குரலை அடக்கிக்கொண்டு கேட்டார், "எங்க?"

மனைவி மூடியை அழுத்தி மூடினாள். "அத உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டா."

"சத்தம் அதிகமான எடமா?"

"அதையும் சொல்ல வேணாம்னா."

ஹாரன் அந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் வண்டி ஓட்டியவர். பல் லேப் எத்தனை இருந்துவிடப் போகிறது. ஒரு சுற்றுச் சுற்றினால் மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். "வரேன்மா" என்றாள் உள்பக்கம் பார்த்து. அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, ஒதுங்கி வழிவிட்டார்.

டீ குடிக்க அவரும் அந்த நேரம்தான் கிளம்புவது. கடை அவள் பஸ் ஏறும் ஸ்டாப்பை ஒட்டியே இருக்கிறது. வாசலுக்கு வந்தார். தெருமுனையில் மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் வருகிறாரா என்று பார்க்கிறாள். ஹாரன் அவள் கண்ணில் படும்படி மெதுவாகத் திரும்பி, எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் டீக்கடை எதுவும் இல்லை.